31,095 பேரில் நீ இல்லை

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் பாதியில் "டூட்டி இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வருகிறது. அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன். தம்பி, "சொல்லுங்கப்பா, நான் டைப் பண்றேன்" என்றான். வேண்டாம், ஒரு விரலால் நானே அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அவன் படிக்க வேண்டியதில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், நீ சொன்ன மாத்திரையை ஒரு நாள் போடுகிறாள், இரண்டு நாள் மறக்கிறாள். மேலத் தெரு வீட்டை விற்கிற பேச்சு மறுபடியும் வந்திருக்கிறது, சித்தப்பா பிடிகொடுக்கவில்லை. மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை.

ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போக வேண்டுமே, உன் ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மச்சையஸ் என்று நீ முதலில் சொன்னபோது அது நியூயார்க்குக்குப் பக்கத்தில் என்று நினைத்து இங்கே நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். இப்போது வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அமெரிக்கா முடிந்து கனடா ஆரம்பிக்கிற மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறாய். மெய்ன் மாநிலம், வாஷிங்டன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. டெலவேர் என்று ஒரு முழு மாநிலமே இருக்கிறதே, அதைவிடப் பரப்பில் பெரியது. அவ்வளவு பெரிய இடத்தில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் மொத்தம் 31,095 பேர். நம் மன்னார்குடி நகராட்சிக்குள் மட்டும் 2011 கணக்கிலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த 31,095 இல் நீ இல்லை, யோசித்துப் பார்த்தாயா? அவர்களுக்குக் கணக்கு நாள் 2020 ஏப்ரல் 1. அன்றைக்கு நீ நம் வீட்டு மாடி அறையில், தூதரகம் மூடிக்கிடந்ததால் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாய். சரி, இங்கே சேர்த்திருப்பார்களா என்றால் 2021 இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. இப்போது 2027 பிப்ரவரி என்று அறிவித்திருக்கிறார்கள், அப்போது நீ இங்கே இருக்கப் போவதில்லை. அவர்களுடைய அடுத்தது 2030. ஆக, 2011 இல் உன் கல்லூரி ஹாஸ்டலில் யாரோ ஒருவர் உன் பெயரை எழுதிக்கொண்டு போனதோடு சரி, அதற்குப் பிறகு எந்த தேசத்துக் கணக்கிலும் என் பெண் கிடையாது. இதை அம்மாவிடம் சொன்னேன், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்றாள். வேலை இல்லைதான்.

1991, 2001, 2011 மூன்று தடவையும் கணக்கெடுக்கப் போனவன் நான். பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதை மற்ற வாத்தியார்கள் தலையெழுத்து என்றார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பழக்கதோஷத்தில்தான் உன் கவுண்டியின் பழைய எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உன் பேஷண்டுகளில் யாராவது கிழவர் அகப்பட்டால் கேட்டுப் பார், அவருக்கே இவ்வளவு தெரியாது.

முதல் கணக்கிலேயே துக்கம்தான். 1604 இல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் க்ராய் ஆற்றின் நடுவில் ஒரு சின்னத் தீவில் குடியேறினார்கள். தலைவர் பியர் துகுவா த மோன்ஸ், கூடவே சாம்ப்ளெய்ன், பின்னால் கியூபெக் நகரத்தை உண்டாக்கினாரே அவர்தான். குளிர்காலத்துக்குத் தங்கியவர்கள் 79 பேர், எல்லோரும் ஆம்பிள்ளைகள், ஒரு பெண்பிள்ளை கிடையாது. ஆற்றில் பனிக்கட்டி மிதந்து கரைக்குப் போக வழியில்லாமல் போய்விட்டது, நல்ல தண்ணீர் இல்லை, விறகு இல்லை, உப்புக்கண்டத்தைத் தவிரச் சாப்பாடு இல்லை. பல் ஈறு அழுகி 35 பேர் செத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மறு வருஷமே மிச்சம் இருந்தவர்கள் அந்தத் தீவைக் காலி செய்துகொண்டு கடலுக்கு அக்கரை போய்விட்டார்கள். அது வைட்டமின் சி இல்லாததால் வருவது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், எலுமிச்சை வாங்கி வை. அம்மா கொடுத்தனுப்பிய நெல்லிக்காய் ஊறுகாய் திறந்தாயா இல்லையா? தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியும்.

தனியாக என்று எழுதிவிட்டேன். டூட்டி நேரத்தில் தனியாகச் சாப்பிடுவாயே, அதைச் சொன்னேன்.

அதற்கெல்லாம் எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்தே பாசமக்குவாடி என்கிற பூர்வகுடி ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். உன் ஊருக்குப் பக்கத்தில் கடலோரப் பாறைகளில் அவர்கள் முன்னோர் குத்திவைத்த உருவங்கள் இருக்கிறதாமே, போய்ப் பார்த்தாயா? அவர்களுக்கு அந்த மாநிலத்தில் ஓட்டுப்போடும் உரிமை 1954 இல்தான் கிடைத்திருக்கிறது. நமக்கு 1952 பொதுத்தேர்தலிலேயே எங்கள் பாட்டி கைநாட்டுக்காரி வரைக்கும் ஓட்டுப் போட்டுவிட்டாள். ஜனநாயகம் என்று நமக்குப் பாடம் எடுக்கிற தேசம்! அந்த ஜனங்கள் நிலத்துக்காகக் கேஸ் போட்டு, 1980 இல் பெனாப்ஸ்காட் என்கிற இன்னொரு கூட்டத்தாரோடு சேர்ந்து 8 கோடியே 15 லட்சம் டாலருக்குச் சமரசத் தீர்வு வாங்கினார்கள். காசைப் பங்குபோட்டுத் தின்றுவிடாமல் நிலமும் வாங்கினார்கள். இதை சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

கவுண்டி என்று கோடு போட்டது 1789 இல். அதற்கு முன்னாலேயே, 1775 ஜூனில், உன் மச்சையஸ்காரர்கள் பிரிட்டிஷ்காரனின் மார்கரெட்டா என்ற கப்பலைத் துரத்திப் பிடித்துவிட்டார்கள். ஜெரமையா ஓ'பிரையன் என்று ஒருவர் தலைமையில், கையில் கிடைத்த துப்பாக்கி, கோடாலி, வைக்கோல் அள்ளுகிற கவை எல்லாம் எடுத்துக்கொண்டு மரம் ஏற்றுகிற கப்பலில் ஏறிப் போயிருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசிய பர்ன்ஹாம் சத்திரம் இன்னும் நிற்கிறதாம். இந்த ஊரில் டாக்டராக இருக்கிறாள் என் பெண் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, நியூயார்க் இல்லாவிட்டால் போகட்டும்.

1790 இல் மூவாயிரத்துக்கும் குறைவாக இருந்த ஜனத்தொகை, 1820 இல் 12,744, 1850 இல் 38,811. முப்பதே வருஷத்தில் மூன்று மடங்கு! மரம் வெட்டினார்கள், அறுத்தார்கள், கப்பல் கட்டினார்கள், அதே கப்பலில் அந்த மரத்தை ஏற்றி விற்றார்கள். வேலை இருந்தால் ஜனம் வரும், அவ்வளவுதான் ரகசியம். 1880 க்கு வந்தால் 44,484. அடுத்து 1890 இல் 44,482.

இந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், பாப்பா. பத்து வருஷத்தில் இரண்டே பேர் குறைவு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் அப்படியே இருந்த மாதிரித் தெரியும். கணக்கெடுத்தவனுக்குத் தெரியும், அப்படி எந்த ஊரும் இருக்காது. ஆயிரக்கணக்கில் பிறந்திருப்பார்கள், செத்திருப்பார்கள், மேற்கே போகிற ரயிலைப் பிடித்திருப்பார்கள், கனடாவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்திருப்பார்கள். அத்தனையும் கூட்டிக் கழித்து அடியில் இரண்டு என்று விழுகிறது. போனில் "நல்லா இருக்கேம்பா" என்று நீ சொல்வதும் அப்படி ஒரு கூட்டுத்தொகைதான் என்று எனக்குப் படுகிறது.

அந்த 44,482 பேரும் யார் யார் என்று பார்க்கலாம் என்றால் முடியாது. 1890 கணக்கெடுப்பின் பெயர்த்தாள்களில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் தலைநகர் வாஷிங்டனில் அரசாங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீயிலும் அதை அணைக்க அடித்த தண்ணீரிலும் போய்விட்டது. எண் மட்டும் மிச்சம். என் மாதிரி ஒருவன் வெயிலிலும் பனியிலும் கதவைத் தட்டித் தட்டி எழுதினது எல்லாம் கூழாகிவிட்டது என்று படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் ஒரு அதிசயம் கேள். அதே 1890 இல், மார்ச் மாதம், ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்பவர் எடிசனின் போனோகிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் கவுண்டியில் இருக்கிற கேலஸ் ஊருக்கு வந்து, பாசமக்குவாடிக்காரர்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளையில் பதிவு செய்திருக்கிறார். களத்துக்கே போய் ஒலிப்பதிவு செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள். அந்த உருளைகள் பத்திரமாக இருக்கின்றன, கேட்கவும் முடிகிறது. தம்பி போட்டுக் காட்டினான், ஒரே கரகரப்பு, அதற்குள்ளிருந்து ஒரு ஆள் குரல். அரசாங்கம் எழுதி வைத்த பெயர்கள் போய்விட்டன, ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாடியவர் இருக்கிறார்.

நீயும் எப்போதாவது கூப்பிட்டால் கொஞ்ச நேரம் பேசு. பாடச் சொல்லவில்லை.

உச்சம் 1900 தான், 45,232. ஈஸ்ட்போர்ட் ஊரில் மட்டும் 5,311 பேர், 2020 இல் 1,288. அங்கேதான் 1870களில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற தொழில் ஆரம்பித்து கடற்கரை முழுக்கப் பரவியது. படகு வந்ததும் தொழிற்சாலைச் சங்கு ஊதும், நடு ராத்திரியோ விடியற்காலையோ, பெண்களும் பிள்ளைகளும் எழுந்து ஓட வேண்டும். 1911 ஆகஸ்டில் லூயிஸ் ஹைன் என்ற போட்டோக்காரர் ஈஸ்ட்போர்டில் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள், கையில் அவர்கள் முழங்கை நீளக் கத்தி, விரலில் துணிக்கட்டு. பள்ளிக்கூடத்தில் ஆயுசைக் கழித்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மரக்கப்பல் போயிற்று, மீன் குறைந்தது, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின, ஜனமும் போயிற்று. 1935 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஈஸ்ட்போர்ட் பக்கத்து விரிகுடாவில் கடல் ஏற்றத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறேன் என்று ஆரம்பித்தார், இருபது அடிக்குக் கிட்ட நீர் ஏறி இறங்குகிற இடமாயிற்றே. வேலைக்காரர்களுக்கு ஒரு கிராமமே கட்டினார்கள். மறு வருஷம் பணம் நின்றது, வேலையும் நின்றது. 1970 இல் 29,859 வரை இறங்கிவிட்டது.

இதற்கு நடுவில் உன் கவுண்டியிலேயே லூபெக் என்கிற ஊரில் நடந்த கூத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 1897 இல் ஜெர்னகன் என்று ஒரு பாதிரியார், கடல்தண்ணீரிலிருந்து தங்கம் எடுக்கிற வித்தை தெரியும் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கூட்டாளி ராத்திரியில் தண்ணீருக்குள் முங்கிப் போய் பெட்டிக்குள் தங்கத்தை வைத்துவிட்டு வருவான், காலையில் எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுவார்கள். ஜனங்கள் கொண்டுவந்து பணத்தைக் கொட்டினார்கள். மறு வருஷம் இரண்டு பேரும் கம்பி நீட்டிவிட்டார்கள். ஏமாந்தவர்களை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னவர் கோயில் மனுஷர், கண்ணால் பார்த்தது தங்கம், நாலு பெரிய மனிதர்கள் நம்பினார்கள், அதற்கு மேல் ஒருவன் எப்படி விசாரிப்பான்? நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம், ஊரில் கேட்ட அத்தனை பேரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள் என்றால் அதற்கு மேல் ஒரு அப்பன் என்ன செய்ய முடியும்? நான் விசாரித்தது போதாது என்று அம்மா இப்போது சொல்கிறாள். போதும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன்.

வந்த இடத்துக்கு வருகிறேன். தீபாவளி அன்று விடிகாலை ஐந்து மணிக்கு, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு உனக்கு வீடியோ போட்டோம். "அவர் தூங்கறார்ப்பா" என்றாய். உன் ஊரில் அப்போது மணி ராத்திரி ஏழரை. மாப்பிள்ளையின் டாலஸ் என்றாலும் ஆறரை. கணக்கு வாத்தியாரிடம் சொல்கிற கணக்கா இது? நான் வாய் திறக்கவில்லை. அம்மா லேகியத்தை வழித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள், அவளும் வாய் திறக்கவில்லை.

பனியில் ராத்திரி வண்டி எடுக்காதே. டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே அங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது என்று போட்டிருக்கிறது. ஏர்லைன் என்று சொல்கிற அந்த ஒன்பதாம் நம்பர் ரோட்டில் மூஸ் என்கிற பெரிய மான் குறுக்கே வருமாம், அது மாடு மாதிரி ஒதுங்காது, நம் காரைவிட உயரம். டூட்டி முடிந்து அலுப்பாக இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள். வண்டியில் போர்வை, டார்ச், பிஸ்கட், எல்லாம் வை.

நீ அனுப்பிய படங்களை அம்மா எல்லோருக்கும் காட்டுகிறாள். அந்தப் புளூபெர்ரிக் காடு அக்டோபரில் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பாகக் கிடக்கிறதே, அதை ஐயர் வீட்டு மாமி குங்குமம் கொட்டினதா என்று கேட்டாள். பல் வைத்த தகரப் பெட்டியால் குனிந்து குனிந்து வாரி எடுக்கிறவர்கள் மெக்ஸிகோ பக்கத்திலிருந்தும் கனடாவின் மிக்மாக் ஜனங்களிலிருந்தும் வருகிறார்கள் என்று படித்தேன். அதில் சில குடும்பங்கள் மில்பிரிட்ஜ் என்ற ஊரில் கடலுணவுக் கம்பெனிகளில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்களாம். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் ஒன்று அனுப்பினாயே, வெஸ்ட் குவாடி ஹெட், கோயில் மதில் மாதிரியே இருக்கிறது. அமெரிக்கப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி அதுதானாம். அந்தப் படத்தில் உன் நிழல் கீழே விழுந்திருந்தது. படம் எடுத்தது நீ. பக்கத்தில் வேறு நிழல் இல்லை. அம்மா கவனித்தாளா தெரியாது.

உன்னைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாநிலமே அமெரிக்காவில் வயசானவர்கள் மிகுந்த மாநிலம், அதிலும் உன் கவுண்டியில் பிறக்கிறவர்களைவிடச் சாகிறவர்கள் அதிகம். கேலஸ் ஊர் ஆஸ்பத்திரியில் 2017 இலேயே பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று படித்தேன், வலி எடுத்த பெண் எத்தனை மைல் பனியில் போக வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளூர் டாக்டர்கள் போக மறுக்கிற இடங்களுக்கு உன் மாதிரி வெளிநாட்டு டாக்டர்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அனுப்புகிற ஏற்பாடு 1994 இல் கான்ராட் என்ற செனட்டர் கொண்டுவந்தது, மாநிலத்துக்கு வருஷம் 30 பேர். அந்த 30 இல் ஒருத்தி நீ. நிறையப் பேர் மூன்று வருஷம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்களாம். நீ "இங்கேயே கன்டினியூ பண்றேன்" என்று ஒரே வரியில் சொன்னாய். டாலஸில் டாக்டர் வேலை இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, கேட்க வரவில்லை.

சின்ன அத்தை கதை உனக்குத் தெரியும். ஆனால் இது தெரியாது. 1991 கணக்கெடுப்பில் நம் தெரு என் பங்கில் வந்தது. மற்ற வீடெல்லாம் முடித்துவிட்டு நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எங்கள் குடும்பப் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை அப்போது திரும்பி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது, வீட்டில் யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. திருமண நிலை என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மத்த வீட்ல எந்தக் குரல்ல கேட்டியோ அதே குரல்ல கேளுண்ணா" என்றாள். கேட்டேன். பதில் சொன்னாள். எழுதினேன். அவ்வளவுதான். அன்று ராத்திரி அவள்தான் தோசை வார்த்தாள், எல்லோரும் கூட இரண்டு சாப்பிட்டோம்.

எத்தனையோ வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். விதவையைக் கேட்டிருக்கிறேன், ஓடிவந்தவளைக் கேட்டிருக்கிறேன், புருஷன் எங்கே என்று தெரியாமல் பத்து வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவளைக் கேட்டிருக்கிறேன். யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. உன்னிடம் அந்தக் குரல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. நீயே சொல்லிவிட்டால் நல்லது. ஒரு வரி போதும். அவர்கள் ஊர்ப் படிவத்தில் முதல் கேள்வியே ஏப்ரல் 1 அன்று இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதானாம். ஒன்றோ இரண்டோ, எண்ணை மட்டும் அனுப்பு. காரணம், யார் மேல் தப்பு, எதுவும் இப்போது வேண்டாம்.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருக்கிறது. 1970 இல் 29,859 என்றேனே, 1980 இல் அது 34,963. ஐயாயிரம் பேர் ஏறியிருக்கிறார்கள். நகரம் வேண்டாம், நிலத்துக்குப் போகலாம் என்று அந்தக் காலத்தில் மெய்ன் பக்கம் இளவட்டங்கள் கிளம்பி வந்தார்களாம், அதில் பாதி பேர் நாலு குளிர்காலம் தாங்கியிருந்தாலே பெரிது. 1990க்கு அப்புறம் மறுபடியும் இறங்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு விஷயம். நீ அங்கேயே இருக்கிறாய் என்றால் இரு. நான் முதலில் கேட்டபோது, ஜனம் எல்லாம் விட்டுப்போன ஊரில் என் பெண் எதற்கு என்றுதான் தோன்றியது. அம்மாவுக்கு இன்னும் அப்படித்தான். இங்கே வந்துவிடுகிறேன் என்றாலும் மாடி அறை இருக்கிறது, தம்பி கம்ப்யூட்டரை வைத்திருக்கிறான், எடுத்துவிடலாம். எது ஆனாலும் சாப்பாட்டை விடாதே, எலுமிச்சை, நெல்லிக்காய், வைட்டமின் டி மாத்திரை. உனக்கே நான் மருந்து சொல்கிறேன்.

அம்மாவும் நானும் வைகாசிக்கு வரலாம் என்று இருக்கிறோம். விசா இன்னும் செல்லும், பார்த்துவிட்டேன். பாங்கர் வரை விமானம் இருக்கிறதாம், அங்கிருந்து உன் ஊர் காரில் இரண்டு மணி நேரத்துக்குள். கூட்டிப் போக யார் வருவார்கள் என்று அம்மா கேட்கிறாள். நீ மட்டும் வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பகலில் வந்து இறங்குகிற டிக்கெட்டாகப் பார்த்துப் போடச் சொல்கிறேன், இருட்டில் நீ வண்டி ஓட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா